கிரகணத்தன்று சாப்பிட்டவன்

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கத் தேவையில்லை. மேல் அறையில் நீ பெட்டி அடுக்குகிற சத்தம் இங்கே குசினிவரை கேட்கிறது. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பனை நினைத்து நீ சிரிக்கலாம், சிரி. எனக்கு நேரே சொல்ல வராது. சொல்லத் தொடங்கினால் இருமுவேன், தேத்தண்ணி கேட்பேன், விமான நிலையத்துக்கு எந்த றோட்டால் போனால் நெரிசல் குறைவு என்று பேச்சை மாற்றிவிடுவேன். வருகிற வியாழக்கிழமை நீ அமெரிக்காவில் கொலறாடோவுக்குப் போகிறாய், காற்றையும் வெப்பத்தையும் படிக்க. அதற்கு முன் ஒரு விஷயத்தை உனக்கு எழுதியாக வேண்டும். போன கோடையில் நான் உனக்குச் செய்த பிழை நாலு குடும்பங்களுக்கு முன்னால் நடந்தது. அதனால், நீ வாசித்துச் சம்மதித்தால், இந்தக் கடிதத்தை நம்முடைய கடைகளில் அடுக்கி வைக்கிற வாரப் பத்திரிகை ஒன்றுக்கும் கொடுப்பேன். சம்மதம் இல்லையென்றால் கிழித்துப் போடு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

முதலில் அந்தக் கிரகணக் கதை. நம் வீட்டில் அது பகிடியாகிப் பல வருடமாகிறது. ஆனால் பகிடியாக்கியே அதன் உள்ளே இருந்ததை நாங்கள் மூடிவிட்டோம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது உனக்குப் பதினேழு வயது. மில்லிக்கனில் இருக்கிற இந்த வீட்டுக்கு வந்து இரண்டாம் வருடம். மே மாதத்து அமாவாசை, நடு மத்தியானம் சூரிய கிரகணம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளியே விடமாட்டோம் என்று துண்டு கொடுத்துவிட்டிருந்தார்கள். நீ அந்தத் துண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு, அன்று வீட்டிலேயே நின்றுவிட்டாய். நானும் செத்துப்போன என் அப்பாவுக்கு அமாவாசை விரதம் பிடிக்கிறவன் என்பதால் தொழிற்சாலைக்கு லீவு போட்டிருந்தேன். ஹூஸ்ரனிலிருந்து அம்மாவின் தம்பி, உன் மாமா, வந்து ஒரு கிழமையாக நம்மோடு இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்பி அண்ணையை அழைத்திருந்தேன். அவரை நீ மறந்திருக்கமாட்டாய். விட்பியிலிருந்து அவ்வளவு தூரம் காரோட்டி வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதே அரசியல் பேசத் தொடங்குகிறவர்.

விட்பி அண்ணையும் நானும் அந்த நாளில் ஒரே கட்சி. ஸ்காபரோவில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய சின்னக் கோயிலின் நிர்வாகத்தில் இருந்தோம். அங்கே விரத நாட்களை எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வைப்பது என்று சண்டை வந்தது. ரொறன்ரோவில் சூரியன் உதிக்கிற நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் வேண்டும் என்று ஒரு கோஷ்டி. யாழ்ப்பாணத்தில் அச்சடித்து யாராவது கையில் கொண்டுவருகிற பஞ்சாங்கம்தான் பஞ்சாங்கம் என்று எங்கள் கோஷ்டி. இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஊரில் பதினொரு வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். தோடம்பழத்தையும் தேசிக்காயையும் மேசையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கிரகணம் காட்டியவன். அங்கே பகல் என்றால் இங்கே இரவு என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நாங்கள் கூட்டத்தில் எழும்பிக் கத்தியிருக்கிறோம், கதிரையைத் தள்ளியிருக்கிறோம், ராஜினாமாக் கடிதம் எறிந்துவிட்டு வெளியே வந்திருக்கிறோம். அதற்குப் பிறகு நாங்கள் வாதாடியது பஞ்சாங்கத்துக்காக அல்ல. அவர்கள் வெல்லக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த மத்தியானம் அம்மா எல்லாவற்றையும் சமைத்து வைத்துவிட்டு, கிரகணம் விட்டபிறகுதான் சாப்பாடு என்று சொன்னா. நான் யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து விரித்தேன். "இலங்கையில் தோன்றாது, அனுட்டிக்கத் தேவையில்லை" என்று அதில் போட்டிருந்தது. விட்பி அண்ணை தலையாட்டினார்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் இலங்கையிலயே இருக்கிறம்?" என்று அம்மா கேட்டா.

"எங்களுக்கு உது இல்லை. நீர் சாப்பாட்டைப் போடும்" என்றேன்.

அம்மா போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாமித்தட்டுக்கு முன்னால் இருந்துவிட்டா. கலியாணம் முடித்த நாளிலிருந்து முதல் தடவையாக நானே சட்டி திறந்து, சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் போட்டு, விட்பி அண்ணைக்கும் எனக்கும் இலை வைத்தேன். மாமா அதற்குள் என் தொழிற்சாலைப் பெட்டி ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் ஊசியால் துளை போட்டு, மற்றப் பக்கம் சூரியனின் உருவம் விழுவதற்கு வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டார். உன்னைக் கூட்டிக்கொண்டு வெளியே போகும்போது வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "அத்தான், வந்து பாருங்கோ. சூரியன் பஞ்சாங்கம் வாசிச்சுப்போட்டு வாறதில்லை." நான் போகவில்லை. கண்ணாடிக் கதவால் உங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுச் சீனக்காரர் வெல்டிங் கண்ணாடியைப் பிடித்தபடி நின்றார். நீ பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு "மாமா, மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். வெளிச்சம் வெளிறி, வீடு மங்கிக்கொண்டு வந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே இடக்கையை நீட்டிக் குசினி லைட்டைப் போட்டேன். நீ உள்ளே ஓடிவந்து, "அப்பா, பாத்தீங்களோ?" என்று கேட்டாய். "என்னத்தை? முகில் மூடினது" என்றேன். அன்று வானத்தில் ஒரு துண்டு முகில்கூட இல்லை.

அதற்குப் பிறகு மாமா ஹூஸ்ரனிலிருந்து டெலிபோன் எடுக்கிற ஒவ்வொரு தடவையும், "அத்தான், அங்க வெயிலோ, முகிலோ?" என்று கேட்டுத்தான் பேசத் தொடங்குவார். நானும் சிரிப்பேன். நீ பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "மாமாவின் பெட்டிக்குள் பார்த்ததை" என்று சொல்லித் திரிந்தாய். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. மகளின் படிப்புக்குத் தகப்பன் காரணமாக இருந்திருக்கலாம், அவன் கையில் தோடம்பழம் இருந்தது, அவன் அன்று சோறு தின்றுகொண்டிருந்தான்.

மாமாவை நீ குறைத்து நினைக்கக்கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. நியூயோர்க் விமான நிலையத்தில் எங்களை ஏற்றி, பனிக்குள்ளால் பஃபலோ எல்லைவரை காரோட்டியவர் அவர்தான். தன் கோட்டைக் கழற்றி உனக்குப் போர்த்திவிட்டு, வெறும் சுவெற்றரோடு ஓட்டினார். நாங்கள் கனடாப் பக்கம் உள்ளே போகும்வரை குளிரில் நின்றார். நமக்காக உயிரைக் கேட்டாலும் யோசிக்காமல் கொடுக்கிற மனிதர். அவர் மடையரும் இல்லை, பொய்யரும் இல்லை. எண்ணெய்க் கொம்பனியில் இஞ்சினியர். அளக்காமல் ஒரு ஆணி முடுக்கமாட்டார்.

ஆனால் போன கோடையில் அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வந்தவர் வேறு மாதிரி இருந்தார். வேலைக்குப் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், காரில் றேடியோ. அந்த றேடியோவில் நாள் முழுக்க ஒருவர் கோபமாகப் பேசுகிறார் என்று மாமியே சொன்னா. கொம்பனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்ற கதையும் இருந்தது. பின்வளவில் நாலு குடும்பங்கள் இருந்து சாப்பிட்டோம். நல்ல வெக்கை. யாரோ, "இந்த முறை கனடாவிலயும் ஊர் வெயில்" என்று சும்மா சொன்னார். மாமா பிடித்துக்கொண்டார். உலகம் சூடாகிறது என்பது கட்டுக்கதை, புரொபசர்மார் தங்கள் வயிற்றுப்பாட்டுக்கு எழுதுவது, யப்பானில் கூடி எழுதிய ஒப்பந்தம் அமெரிக்காவைக் கவிழ்க்கிற வேலை என்று ஒரே மூச்சில் சொன்னார். "எங்கட செனற் உதுக்கு ஒருநாளும் கைதூக்காது" என்றார். அமெரிக்காவை "எங்கட" என்றது என் காதில் விழுந்தது.

நீ முதலில் மெதுவாகத்தான் பேசினாய். வெப்பமானிகளெல்லாம் நகரத்துக்குள் இருக்கின்றன, கொங்கிறீற்றுச் சூட்டைத்தான் அளக்கின்றன என்று அவர் சொன்னார். கடலிலும் அளந்திருக்கிறார்கள், நிலத்துக்குள் துளைபோட்டும் அளந்திருக்கிறார்கள், பனிமலைகள் கரைகின்றன, அங்கே கொங்கிறீற்று எங்கே இருக்கிறது என்று நீ கேட்டாய். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாய். எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது, சூடாகிறது என்பதில் இல்லை என்றாய். நான் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரிந்திருக்காது. பிறகு மாமா, "நீ சின்னப் பிள்ளை, உன்னைப் பிடிச்சுப் பேய்க்காட்டுறாங்கள்" என்றார். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய்.

"மாமா, அண்டைக்குப் பெட்டியைச் செய்து காட்டினது நீங்கள். இண்டைக்கு நீங்களே முகில் எண்டு சொல்லுறியள்."

மாமா கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "அக்கா, உன்ர பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உன்னிடம், "மாமாட்ட மன்னிப்புக் கேள்" என்றேன். "நான் என்ன பிழையாச் சொன்னனான், அப்பா?" என்று கேட்டாய். "பிழையோ சரியோ, கேள்" என்றேன். நீ எழும்பி நின்று, "ஐ ஆம் சொறி, மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். இருபத்தொரு வயதுப் பிள்ளையை, அதுவும் நாலு பேருக்கு முன்னால், சரியைச் சொன்னதற்காகத் தலைகுனிய வைத்தேன். மாமா ஒரு கிழமை நிற்க வந்தவர், அடுத்த நாளே போய்விட்டார். ஆக, அந்த மன்னிப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து உன்னை நூலகத்தில் இறக்கப் போகும்போது காரில் கேட்டாய். "மாமா நம்பாட்டிப் பரவாயில்லை. நீங்கள் என்ன நினைக்கிறியள், அப்பா?" நான் ஸ்டீல்ஸ் சந்தியில் சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, பிள்ளை" என்றேன். அதிலிருந்து இந்தப் பத்து மாதமாக நீ என்னோடு மரியாதையாகப் பேசுகிறாய். ஓம் அப்பா, இல்லை அப்பா, சாப்பிட்டிட்டன் அப்பா. முந்தி நீ வீட்டுக்கு வந்தால் சப்பாத்துக் கழற்ற முதலே அன்று படித்ததைச் சொல்லுவாய். பாதி விளங்காவிட்டாலும் கேட்பேன். இப்போது அது இல்லை, எனக்கு அது பெரிய நஷ்டம்.

இந்த வசந்தத்தில் விட்பி அண்ணைக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நின்றன. அவர் காலை நீட்டி வைத்துக்கொண்டு, ஒரு தொடர்பும் இல்லாமல் ஆரம்பித்தார்.

"தம்பி, அந்தக் கிரகணத்தண்டு நீர் சோறு போட்டீர், ஞாபகமோ?"

"ஓம் அண்ணை."

"எனக்குத் தொண்டையால இறங்கேல்லை. வெளியில எல்லாம் இருண்டு கிடந்தது, எனக்குக் கண் தெரியாதே? நீர் எழும்பினா நானும் எழும்பலாம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீர் எழும்பேல்லை."

"நான் நீங்கள் எழும்புவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அண்ணை."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மத்தியானம் கிரகணம் இல்லை என்று நம்பியவர்கள் அந்த வீட்டில் ஒருவருமே இல்லை, மகள். அவருக்கு நான் பயம், எனக்கு அவர் பயம். எழும்பினால் மற்றக் கோஷ்டி வென்றதாகிவிடும், நாளைக்கு யாரோடு போய்த் தேத்தண்ணி குடிப்பது என்ற பயம். வயது போன இரண்டு ஆண்கள் அதற்காக விரதத்தையும் கெடுத்து, சூரியனையும் பார்க்காமல், விழுங்க முடியாத சோற்றை விழுங்கினோம்.

நீ போகிற நாட்டைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. பஃபலோ தொலைக்காட்சியில் பார்க்கிறதுதான். அங்கே ஒரு கட்சி மழை என்றால் மற்றக் கட்சி குடையை மடித்துவிட்டு நனைகிறது போலத்தான் எனக்குப் படுகிறது. உன் கணக்கையும் படத்தையும் கொண்டுபோய்க் காட்டினால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதே. காட்டு, கட்டாயம் காட்டு. ஆனால் ஒருவன் கண்ணுக்கு முன்னால் இருப்பதை இல்லை என்று சொன்னால், அவனுக்குப் பக்கத்து இலையில் இருந்து சாப்பிடுகிறவன் யார் என்றும் ஒருக்கால் பார். அவன் எழும்பினால் எங்கே போய் இருப்பான், அவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்று யோசி. மாமா அந்தக் கொம்பனியில் பதினெட்டு வருடம் உழைத்தவர். நீ சொல்வதை ஒப்புக்கொண்டால் அந்த உழைப்பெல்லாம் குற்றமாகிவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படி இல்லை என்று சொல்ல அந்த மேசையில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அது நான் செய்திருக்க வேண்டிய வேலை. நானோ சுகமான வழியைப் பார்த்தேன். பெரியவர் கோபித்தால் சின்னவரை அடக்குவது நமக்குப் பழகிய வழி. இதை யோசித்துப் பார் என்று சொல்வதால், நீ சொல்வதைக் குறைத்துச் சொல் என்று எடுத்துக்கொள்ளாதே. கேட்கிறவருக்கு நோகாமல் இருக்க வேண்டுமென்று அளந்த கணக்கை மாற்ற முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஹூஸ்ரனுக்கு எடுத்தேன். அம்மா மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

"மச்சான், போன கோடையில பிள்ளையை உம்மட்ட மன்னிப்புக் கேக்க வைச்சது என்ர பிழை. அவள் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை. அந்த மன்னிப்பை நான் திருப்பி எடுக்கிறன்."

"அப்ப அத்தானும் அவையளின்ர பக்கம் போயிட்டியள்" என்றார்.

"பக்கம் ஒண்டும் இல்லை. நீர் அண்டைக்கு வாசல்ல நிண்டு கூப்பிட்டனீர், நான் வரேல்லை. இண்டைக்கு நான் உம்மைக் கூப்பிடுறன்."

"அக்காட்டக் குடுங்கோ" என்றார்.

அம்மாவோடு இரண்டு நிமிடம் பேசினார். இந்தக் கோடைக்கு வரமாட்டாராம். அடுத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அம்மா றிசீவரை வைத்துவிட்டுத் திரும்ப வந்து கீரையை எடுத்தா, ஆய முடியவில்லை. அவவுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி. அவ என்னைத் திட்டுவா என்று பார்த்தேன், திட்டவில்லை. அழுதா, நானும் பக்கத்தில் இருந்தேன். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு சரி என்று சொல்ல முடியவில்லை.

நீ அங்கே போய் வீடு வாசல் ஒழுங்கானதும் மாமாவுக்கு எடு. மன்னிப்புக் கேட்க எடுக்காதே, வாதாடவும் எடுக்காதே. மாமியின் சுகத்தைக் கேள், அவருடைய தோட்டத்தைக் கேள், முதல் தடவை பேசாமல் வைத்தால் இரண்டாம் தடவையும் எடு. அவர் அந்தக் கதையை எடுத்தால் மட்டும், அன்று மேசையில் சொன்னதையே சொல்லு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். கோட்டைக் கழற்றிப் போர்த்தினவரை இழந்துவிடாதே. அவருக்காகப் பொய்யும் சொல்லாதே. இரண்டையும் எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிய வரும்.

அன்று அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்து அம்மா என்னிடம் ஒன்று கேட்டா. "என்ர தம்பிக்குச் சொல்லிப்போட்டியள். பிள்ளைக்குச் சொன்னனீங்களோ?" இல்லை என்றேன். இந்தத் தாளையும் பேனையையும் எடுத்துத் தந்தது அவதான்.

நீ சொன்னது சரி, மகள். அன்று மேசையிலும் சரி, காரிலும் சரி, எனக்கு அது தெரியும்.

அப்பா